டோகுஜியின் தொண்டைக்கு நாலு கண்டன்சர்

யாசுமுரா வீட்டில் துணி போடாமலே வாஷிங் மெஷின் ஓடுகிறது என்ற செய்தியைத் தெருவுக்கு முதலில் கொண்டுவந்தவள் கினுயோ. அவளுடைய முட்டைக்கோஸ் அடைக்கடையின் பின்ஜன்னலும் யாசுமுரா வீட்டுக் கொல்லையும் கைநீட்டினால் தொட்டுக்கொள்ளும் தூரம். அவள் எட்டிப் பார்க்கிற ரகம் இல்லை. கோஸ் நறுக்கும்போது கண் எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்? அது அங்கே போயிற்று, அவ்வளவுதான்.

“துணி பிழியற தொட்டி இருக்கில்ல, அது மூடி மேல ஒரு தகரப் பெட்டி. கிமோனோ கயித்தால இறுக்கிக் கட்டியிருக்கா. காதுல ஹெட்போன். கையில சாப்பிடற குச்சி. மெஷின் கடகடன்னு ஆடுது, இவ குச்சிய உள்ள விட்டு டொக்கு டொக்குன்னு தட்டறா.”

அடைக்குக் காத்திருந்த தபால்காரர் தின்பதற்கு எடுத்த சட்டுவத்தைக் கீழே வைத்தார். “புருஷனுக்குக் குரல் போச்சு. பொண்டாட்டிக்கு வேற எதாச்சும் போச்சா?”

“தட்டிட்டுத் தனியா சிரிக்கிறாண்ணே. அதான் எனக்குத் திக்குங்குது.”

மறுவாரம் அதைவிடப் பெரிய செய்தி. ஜூலை வெக்கையில் யாவோ ஊரே ஈரத்துணியாகத் தொங்கிக்கொண்டிருந்த நாளில், அதே யாசுமுரா வீட்டுச் சுமியே அலமாரியின் மேல்தட்டிலிருந்து கொத்தாட்சுவை இறக்கி நடு அறையில் போட்டாள். அடியில் சூடு போட்டு, மேலே ரஜாய் விரித்து, குளிர்காலத்தில் கால் நீட்டிக்கொள்கிற மேசை அது. டிசம்பரில் பார்த்தால் சொர்க்கம். ஜூலையில் பார்த்தாலே வேர்த்து ஊற்றும். அவள் அதற்குள் காலை நீட்டவில்லை. ஒரு சோற்று டப்பாவைத் தள்ளினாள். டப்பாவிலிருந்து இரண்டு ஒயர் வெளியே எட்டிப் பார்த்தது.

இதற்குமேல் பொறுத்தால் கினுயோவுக்கு உடம்புக்கு ஆகாது. ஒரு கிண்ணம் பச்சை சோயா அவரைக்காயை உப்புப் போட்டு வேகவைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள். யாவோவில் கோடைகாலத்தில் யார் வீட்டுக்குள்ளும் நுழைய அதைவிட நல்ல சீட்டு கிடையாது.

அந்த வீட்டு விவகாரம் தெருவுக்குத் தெரிந்ததுதான். வீட்டுக்காரன் டோகுஜிக்கு ஐம்பத்து நாலு வயது. பல் துலக்கும் பிரஷ் பட்டறையில் நார் நடும் மெஷின் ஓட்டுகிறான். யாவோவில் பாதிப்பேருக்கு அதுதான் பிழைப்பு, அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ஆகஸ்ட் திருவிழா வந்தால் அவன் வேறு ஆள். கோவில் மைதானத்தில் மரமும் பலகையுமாய்ப் பரண் எழும்பும். முரசும் ஷாமிசெனும் கிடாரும் மேலே ஏறும். டோகுஜி மைக்கைப் பிடித்து ஒண்டோ என்ற கதைப்பாட்டைப் பாடுவான். கீழே ஊர் சுற்றிச்சுற்றி ஆடும். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பரண் அவனுடையது.

பிப்ரவரியில் தொண்டையில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். பயப்படும்படியான கட்டி இல்லையாம். ஆனால் போகிற போக்கில் குரலையும் பாதி கூட்டிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருந்தது உப்புத்தாளில் தேய்த்தது மாதிரி ஒரு கரகரப்பு. ஜூன் ஒத்திகையில் எலக்ட்ரிக் கடை கமேதானியின் ஆம்ப்ளிபயரில் அவன் பாடியபோது, கூம்பு ஸ்பீக்கரிலிருந்து பாட்டு வரவில்லை. யாரோ பாத்திரத்தின் அடியைச் சுரண்டுகிற சத்தம் வந்தது. ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. யாரோ சிரித்துவிட்டார்கள். டோகுஜி மைக்கை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு இறங்கியவன்தான், அதற்கப்புறம் தெருவில் வாயே திறக்கவில்லை. டோஃபு கடையில் இரண்டு விரலைக் காட்டி இரண்டு கட்டி வாங்கினான். ஒன்றரைக் கட்டி வேண்டிய நாளிலும் இரண்டுதான் வாங்கினான்.

தெருச் சங்கத் தலைவர் நிஷிவாகி நல்ல மனிதர், அதாவது யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். ஆகஸ்ட் முதல் ஞாயிறு சங்கக் கூடத்தில் சோதனை வைப்பது, டோகுஜியின் பாட்டு காதுக்கு ஒத்துவந்தால் பாடட்டும், வராவிட்டால் கேசட் போட்டுக்கொள்வது என்று சொல்லிவிட்டார். கேசட்டுக்கு ஊரே தலையாட்டியது. சுமியே மட்டும் ஆட்டவில்லை. இந்த வருஷம் பரணில் ஏறாவிட்டால் தன் புருஷன் இனி எந்த வருஷமும் ஏறமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

கினுயோ உள்ளே போனபோது சுமியே வெறும் பனியனும் ஏப்ரனுமாய் கொத்தாட்சு பக்கத்தில் மண்டி போட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் அவள் கட்டிக்கொண்டிருந்த ஆம்ப்ளிபயர், அரைகுறையாய் ஒரு இரும்புப் பெட்டி. அதன்மேல் நாலு கண்ணாடிக்குழல் வால்வும் மூன்று டிரான்ஸ்பார்மரும், ஒரு குட்டி ஊர் மாதிரி நின்றன. அதற்கப்பால் அவள் தரம்பார்த்துத் தரவேண்டிய பல்பிரஷ்கள் இரண்டு கூடை, தொடாமல் கிடந்தன.

“அக்கா, கேட்கக்கூடாதுதான்.”

“கேட்கத்தானே வந்திருக்கே. கிண்ணத்த வை.”

“டப்பாக்குள்ள என்ன வேகுது?”

“கண்டன்சர்.”

கினுயோ ஒரு அவரைக்காயைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டாள். “அத எப்படித் திங்கறது?”

சுமியே சிரித்தாள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பதினேழு வருஷம் டிவி தொழிற்சாலை வரிசையில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு ஆயிரத்துக்குமேல் கண்டன்சர் சொருகி ஈயம் வைத்தவள் அவள். வீட்டில் ரேடியோ பழுதானால் டோகுஜி மேலே இரண்டு தட்டுத் தட்டுவான். அவன் தூங்கினபிறகு இவள் கழற்றிச் சரிபண்ணுவாள். காலையில் அவன், “பாத்தியா, தட்டின தட்டுல ஓடுது,” என்பான். இப்படியே ஒரு குடும்பம் நிம்மதியாய் நடந்தது.

“இவரு குளிக்கும்போது தொட்டிக்குள்ள உக்காந்து முனகுவாரு. சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டேன். அடிக்குரல் அப்படியே இருக்குடி. மேல்குரல்தான் கிழிஞ்சிருக்கு. அந்தக் கூம்பும் ஆம்ப்ளிபயரும் அடிய வெளிய நிறுத்திட்டு கிழிசல மட்டும் கூப்பிட்டு ஊருக்குக் காட்டுது.”

“அதுக்கு இது?”

“வால்வுக்கும் வால்வுக்கும் நடுவுல இவன்தான் வாசல்காரன். மின்சாரத்த நிறுத்தணும், பாட்ட விடணும். சின்னவனா வச்சா அடிக்குரல உள்ள விடமாட்டான். அதனால பெருசா வைக்கணும். பெருசுன்னு ஆனப்புறம் எந்த சாதி வைக்கறதுங்கறதுதான் கேள்வி.”

தரையில் பிரஷ் அட்டைமேல் வரிசையாய் வைத்திருந்தாள். வட்டமாய் பில்லை மாதிரி பழுப்பு நிறத்தில் ஒன்று. அலுமினியக் குப்பி மாதிரி ஒன்று. பச்சையாய் பளபளவென்று சூயிங்கம் மாதிரி ஒன்று.

“இந்தப் பில்லை செராமிக். சின்ன இடத்துல அடங்கிக்குவான், விலையும் கம்மி. ஆனா தட்டினா பாடுவான். வாஷிங் மெஷின்ல வச்சுப் பாத்தேன், கணகணன்னு காதுல மணி அடிக்கிறான். பரணுக்கு அடியில வச்சா, மேல முரசு அடிக்கறதெல்லாம் இவனும் சேந்து அடிப்பான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.”

“அப்பாடா,” என்றாள் கினுயோ. சிரிப்புக்குக் காரணம் தெரிந்ததில் அவளுக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. “இந்தக் குப்பி?”

“இவன் கரண்டு தேக்கறதுக்கு நல்ல ஆளு. வாசல்ல நிறுத்தினா கொஞ்சம் கொஞ்சமா கசிய விடுவான்.”

“பச்சை?”

“ஃபிலிம். பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி வச்சது. நிப்பொன்பாஷி கடைத்தெருவுல அள்ளிப் போட்டுத் தர்றான். தட்டினாலும் கம்முனு இருக்கான், சுட்டாலும் கம்முனு இருக்கான்.”

“மாப்பிள்ளை பாக்கற மாதிரி பாக்கறியேக்கா. அப்ப பச்சைதானே? முடிச்சிரு.”

“முடிச்சிருப்பேன்,” என்று சுமியே கொத்தாட்சு ரஜாயை லேசாய்த் தூக்கினாள். “இவரு வந்து சேந்துட்டாரே.”

டப்பாவுக்குள் கட்டைவிரல் தடிமனில், மெழுகுக் காகிதம் சுற்றின மாதிரி நாலு உருளை. ஆயில் கண்டன்சர். கமேதானியின் அன்பளிப்பு.

கமேதானியைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம் வரும். எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறார் என்பது சும்மா. அவர் உயிர் வாழ்வது உண்மை ஒலி அன்பர் மன்றத்துக்காக. மாதம் ஒருமுறை ஏழு ஆண்கள் அவர் கடை மாடியில் கூடி, தாங்களே கட்டின ஆம்ப்ளிபயரில் இசைத்தட்டு போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். ஃபேனை அணைத்துவிடுவார்கள். தும்மல் வந்தால் வெளியே போய்த் தும்மவேண்டும். ஒருமுறை ஏழாவது அன்பர் வயிறு இரைந்ததற்கு அந்த மாதம் முழுக்க அவரை யாரும் டீக்குக் கூப்பிடவில்லை.

அந்த கமேதானி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பிஸ்கட் டப்பாவுக்குள் ஃபிளானல் துணி சுற்றி அந்த நாலையும் கொண்டுவந்து கொடுத்திருந்தார். இடித்த சினிமாக் கொட்டகை ஒன்றின் ஆம்ப்ளிபயரிலிருந்து அவரே கழற்றியது. அவற்றுக்கு முப்பது வயது. “டோகுவுக்காகத்தான் தர்றேன் தங்கச்சி,” என்று சொல்லும்போது அவர் கண் கலங்கியது பொய்யில்லை. டோகுஜியும் அவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாக அடி வாங்கினவர்கள்.

“நாலுல ரெண்டு, சூடேறினா ஒழுகுது,” என்றாள் சுமியே, மீட்டரைக் காட்டி. “குளிர்ல உத்தமன். சூட்டுல வாசலத் திறந்து விட்டுடறான். மின்சாரம் அந்தப்பக்கம் போச்சுன்னா வால்வு நெருப்பா பழுத்துரும்.”

“சொல்லிட வேண்டியதுதானே?”

“கமேதானி அண்ணன்கிட்டயா? உன் புள்ள திருடறான்னு சொல்ற மாதிரியில்ல இருக்கும்.”

சோதனை ஞாயிறு காலை பத்து மணிக்கு. கூடத்தில் எட்டு மணிக்கே ஏசி போட்டு, ஜன்னலெல்லாம் சாத்தி, பத்தடிக்கும் முன்னால் கமேதானி ஏசியையும் அணைத்துவிட்டார், அதன் உறுமல் உண்மை ஒலிக்கு இடைஞ்சல் என்று. பாய்மேல் வரிசையாய்ச் சங்கத்தார், மன்றத்தார். வாசலில் செருப்புகள். உள்ளே நாற்பது பேர் இருந்தும் பூனை நடந்தால் கேட்கும். சுமியேயின் இரும்புப் பெட்டி பட்டுத் தலையணைமேல் உட்கார வைக்கப்பட்டிருந்தது. எதிரே கமேதானி கொடுத்த பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கர்.

முதலில் பச்சை ஃபிலிம் போட்டுப் பாடினான் டோகுஜி. மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்து, அடிக்குரலில் நாலு அடி. ஜூன் மாதத்துச் சுரண்டல் எங்கேயும் இல்லை. கரகரப்பு இருந்தது, ஆனால் அதற்கு அடியில் ஆள் இருந்தான். நிஷிவாகி நிம்மதியாய் மூச்சு விட்டார். கமேதானி அவரை முறைத்தார்.

சுமியே நாலு கண்டன்சரையும் கழற்றி ஆயில் நாலையும் ஈயம் வைத்துப் பொருத்த அரைமணி நேரம். யாரும் அசையவில்லை. மறுபடி அதே நாலு அடி.

அதைப் பற்றித் தெருவில் பல வாரம் பேச்சு. கரகரப்புக்கு எண்ணெய் தடவின மாதிரி, அதே குரல் பத்து வயசு இறங்கி வந்தது. பொய் சொல்லக்கூடாது, சுமியேவுக்கே முதுகில் சிலிர்த்தது. மன்றத்து ஏழு பேரும் கையிலிருந்த சீட்டில் ஆயிலுக்கே வட்டம் போட்டார்கள். டோகுஜி மைக்கை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணில் தண்ணீர்.

“ஃபிலிம் வெறும் சோறு,” என்று கமேதானி தீர்ப்புச் சொன்னார். “இது மிசோ சாறு ஊத்தின சோறு.”

சுமியே எழுந்து நின்றாள். கூட்டத்தில் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. குரல் கூரையைப் பார்த்துப் போயிற்று. “அண்ணே, இங்க குளுகுளுன்னு இருக்கு. பரணுக்கு அடியில சிவப்பு வெள்ளைத் துணி சுத்தி மூடிருவீங்க, காத்தே போகாது. அங்க கொதிக்கும். நான் சூட்டுல வச்சுப் பாத்தேன். ரெண்டு ஒழுகுது.”

“எங்க வச்சுப் பாத்தே?”

“கொத்தாட்சுக்குள்ள.”

கூடம் இடிந்தது. நாற்பது பேர் அடக்கி வைத்திருந்த மூச்செல்லாம் சிரிப்பாய் வெளியே வந்தது. நிஷிவாகி துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

“கொத்தாட்சுவிலயா!” கமேதானிக்கு முகம் வெளுத்தது. “முப்பது வருஷம் சினிமாக் கொட்டகையில உழைச்ச ஜீவனை, ரஜாய்க்குள்ள, கால் நாத்தத்துல…”

“காலக் கழுவிட்டுத்தான் வச்சேன்,” என்று உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மத்தியானம் வீட்டில் ஐஸ் தண்ணியில் மிதந்த நூல் நூடுல்ஸ். டோகுஜி குச்சியால் அதைச் சுற்றிச்சுற்றி விட்டுக்கொண்டிருந்தான்.

“சொல்லுங்க,” என்றாள் சுமியே.

“என்ன சொல்ல?” வீட்டில் அவன் பேசுவான், காற்றில் பாதி போனாலும்.

“ஆயில்தான் வேணும்னு சொல்லுங்க. தொண்டைக்குள்ள வச்சுக்கிட்டு நூடுல்ஸத் துன்புறுத்தாதீங்க.”

அவன் குச்சியை வைத்தான். “பச்சையில வந்தது இப்போதைய நான். நல்லாத்தான் இருந்தான், இல்லைங்கல. ஆனா அதுல வந்தது அந்த நான்டி. ஆறு மாசத்துக்கப்புறம் இன்னிக்குத்தான் அவனப் பாத்தேன்.”

“அவன் ஒழுகுவான்.”

“ஒரு ராத்திரி ஒழுகாம இருக்கமாட்டானா?”

அவளிடம் மீட்டர் கணக்கு இருந்தது. சொல்லவில்லை. பாத்திரத்தைக் கழுவினாள், கையைத் துடைத்தாள், ஆயிலே இருக்கட்டும் என்றாள். கமேதானிக்கு ஆள் விட்டு ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள்: திருவிழா அன்று உச்சி வெயிலிலேயே பரணுக்கு அடியில் வைத்து ஆன் பண்ணிவிட வேண்டும், ஆட்டம் ஆரம்பிக்கும் வரை அணைக்கக்கூடாது. வால்வுக்கு நன்றாகச் சூடு பிடிக்கட்டும் என்கிறாள் என்று நினைத்து கமேதானி மகிழ்ந்துபோனார். “இப்பத்தான் தங்கச்சிக்குக் காது திறந்திருக்கு,” என்று மன்றத்தில் சொன்னாராம்.

திருவிழா நாள் பன்னிரண்டு மணிக்கு மைதானத்தில் வெயில் தகரக்கூரை மாதிரி இறங்கியிருந்தது. பரணைச் சுற்றிச் சிவப்பு வெள்ளைத் துணி கட்டியாயிற்று. உள்ளே இரும்புப் பெட்டியை வைத்து ஆன் பண்ணி, பக்கத்திலேயே குட்டி ஸ்டூலில் சுமியே உட்கார்ந்தாள். தலையில் ஈரத்துண்டு, கையில் பார்லி டீ. வெளியே ஐஸ் துருவும் கடை, ஆக்டோபஸ் உருண்டை, கினுயோவின் அடைக்கல். கினுயோ அரைமணிக்கு ஒருமுறை துணியை விலக்கி, “வெந்துட்டியா?” என்று கேட்டுப் போனாள்.

மூணரைக்கு ஸ்பீக்கரில் ஒரு உறுமல் எழுந்தது. நாலு மணிக்கு, கடைசி வால்வுகளில் ஒன்றின் உள்தகடு, அடுப்புக் கரி மாதிரி செக்கச்செவேலென்று பழுத்தது. சுமியே சுவிட்சை அணைத்தாள்.

உறுமல் நின்றதும்தான் எல்லாரும் ஓடிவந்தார்கள். கமேதானி முதலில் உள்ளே தலையை விட்டார்.

“ஏன் அணைச்சே? வால்வுன்னா சிவக்கத்தான் செய்யும்.”

“இழை சிவக்கும்ணே. தகடு சிவக்கலாமா?” மீட்டரை நீட்டினாள்.

கமேதானி மீட்டரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் வித்தை தெரிந்தவர்தான். ஒரு பார்வை போதும். “ஐஸ் வச்சு ஆத்தினா…” என்று ஆரம்பித்தவர் தானே நிறுத்திக்கொண்டார்.

அவருக்குப் பின்னால் நிஷிவாகி வந்தார். கையில் கேசட் பிளேயர், ஏற்கெனவே துடைத்து, பாட்டரி போட்டு. யாரையும் பகைத்துக்கொள்ளாத மனிதர் எதற்கும் தயாராய் இருப்பார். அவருக்கும் பின்னால், விழாக் கோட்டு போட்டு, நெற்றியில் துண்டு முறுக்கிக் கட்டிக்கொண்டு டோகுஜி. அவன் பெட்டியைப் பார்க்கவில்லை, சுமியேயைப் பார்க்கவில்லை. அந்தக் கேசட் பிளேயரையே பார்த்தான். நெற்றித் துண்டின் முடிச்சுக்குக் கை போயிற்று.

“அதக் கழட்டினீங்க, அப்புறம் வீட்டுக்குள்ள வரவேண்டாம்,” என்றாள் சுமியே. “நாப்பது நிமிஷம் குடுங்க. ஃபிலிம் போடறேன். வெறும் சோறுதான். பாடுவீங்களா, மாட்டீங்களா?”

 வெளியே ஐஸ் கடை கரகரவென்று துருவிக்கொண்டிருந்தது.

டோகுஜி அத்தனை பேருக்கு நடுவிலும் வாயைத் திறந்தான். ஜூனுக்கப்புறம் வெளியே அவன் பேசிக் கேட்டது அன்றுதான். “போடு. எனக்குப் பசிக்குது,” என்றான்.

ஈயம் வைக்கிற சூட்டுக்கோலுக்குப் பிளக் வேண்டும். பரணுக்கு வந்த இணைப்பில் விளக்குச் சரங்கள் எல்லாம் தொங்கின, அதைத் தொடவிடமாட்டார்கள். கினுயோ நேராக ஐஸ் கடைக்குப் போய் மெஷினின் பிளக்கை உருவினாள். கடைக்காரன் கத்தினான். “கையால துருவு. வயசுப் பையன்தானே, புஜம் எதுக்கு இருக்கு?” என்று ஒயரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

சுமியே பெட்டியைக் கவிழ்த்தாள். அணைத்த பெட்டியிலும் உதைக்கிற அளவு மின்சாரம் தேங்கியிருக்கும். முதலில் அதை வடித்தாள். தொழிற்சாலை வரிசையில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அதுதான், பதினேழு வருஷம் ஒருநாளும் மறந்ததில்லை. ஒழுகுகிறவன் ஆட்டத்துக்கு முன்னாலேயே ஒழுகட்டும் என்றுதான் அவள் உச்சி வெயிலிலேயே ஆன் பண்ணச் சொன்னது. ஏப்ரன் பையிலிருந்து நாலு பச்சையை எடுத்தாள். வியர்வை மூக்கு நுனியில் சேர்ந்து, பெட்டிக்குள் சொட்டப்போகிற நேரத்தில் ஒரு துண்டு வந்து அதை ஒற்றி எடுத்தது. கமேதானி. ஒரு கையில் டார்ச், ஒரு கையில் துண்டு. சலவைச் சட்டையோடு மண்ணில் முட்டி போட்டிருந்தார்.

“விசிறணுமா தங்கச்சி?”

“விசிறினா ஈயம் ஆறிரும்ணே. மூச்ச மட்டும் பிடிச்சுக்கிட்டு இருங்க. அதுல உங்களுக்குப் பழக்கம்.”

துணிக்கு வெளியே கினுயோ சிரித்த சிரிப்பில் அடை ஒன்று கருகியது.

கழற்றின ஆயில் கண்டன்சர்கள் இன்னும் சுட்டன. கமேதானி அவற்றைத் தன் கைக்குட்டையில் வாங்கிக்கொண்டார். எந்த இரண்டு என்று கேட்டார். அவள் விரலால் காட்டினாள். அந்த இரண்டையும் தனியாக வைத்துக்கொண்டு, “கொத்தாட்சுல எவ்வளவு நேரம் வச்சே?” என்று கேட்டார். மூணு மணி நேரம் என்றாள். அவர் அதை மனதுக்குள் குறித்துக்கொள்வது முகத்தில் தெரிந்தது. அடுத்த மாதம் உண்மை ஒலி அன்பர் மன்றத்துக்கு மாடியில் ஒரு கொத்தாட்சு ஏறியது என்பது தெரு முழுக்கத் தெரிந்த ரகசியம்.

முப்பத்தெட்டு நிமிஷம். ஆன் பண்ணினாள். வால்வுகள் மெதுவாக விழித்தன. தகடுகள் கறுப்பாகவே இருந்தன. கால் மணி, அரை மணி. கறுப்புத்தான். ஸ்பீக்கரில் உறுமல் இல்லை. மேலே ஒருவன் முரசை ஒரு வெள்ளோட்டம் அடித்தான். பலகை அதிர்ந்து மண் கொட்டியது. பெட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏழு மணிக்கு விளக்குச் சரங்கள் எரிந்தன. சுமியே வெளியே வரவில்லை. துணிக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி. அதன் வழியாக அவளுக்குக் கால்கள் மட்டும் தெரிந்தன. பரணை ஒட்டிய உள்வட்டத்தில் மரச்செருப்புகள். அவை வருஷா வருஷம் ஆடுகிற கால்கள், முரசு கேட்டால் போதும், பாட்டே வேண்டாம். அவற்றை அவள் கணக்கில் எடுக்கவில்லை. அவற்றைத் தாண்டி, கடைகளை ஒட்டி, வெளிவட்டம்: ரப்பர் செருப்பு, கேன்வாஸ் ஷூ, பட்டறைப் பையன்களின் பூட்ஸ். அடவு தெரியாத கால்கள். பாட்டின் வரி காதில் விழுந்தால்தான் எங்கே திரும்புவது என்று அவற்றுக்குத் தெரியும். அந்தக் கால்கள் நின்றுகொண்டிருந்தன, விரல்நுனி பரணைப் பார்க்க. ஜூன் மாதத்துச் சுரண்டலை எதிர்பார்த்து.

தலைக்குமேல் பலகை ஒருமுறை முனகியது. அவன் ஏறிவிட்டான்.

ஒண்டோவில் கதைக்குள் போகும் முன் பாடகன் சபைக்கு வணக்கம் சொல்லவேண்டும். நான் கற்றது குறைவு, பொறுத்துக் கேளுங்கள் என்று, தன் குருவின் பேரைச் சொல்லி. இருபத்திரண்டு வருஷமாக அவன் ஒரே வணக்கத்தைத்தான் சொன்னான். அது ஊருக்கே மனப்பாடம். ஆகவே அன்று அவன் வேறு வணக்கம் எடுத்த முதல் அடியிலேயே ஊர் நிமிர்ந்தது.

அடிக்குரல் வந்தது. உப்புத்தாள் உரசலோடு, அவசரப்படாமல், ஈர மண்ணில் வண்டிச்சக்கரம் உருளுகிற மாதிரி. தொண்டை பழுதான ஒருவன் வந்திருக்கிறேன் என்றது. பாதிக் குரலை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டேன், தேடிப் பார்த்தேன், தரமாட்டேன் என்றார்கள் என்றது. மைதானத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. ஜூன் சிரிப்பு இல்லை, இது வேறு. மிச்சப் பாதியை உங்கள் காதுவரை தூக்கிக்கொண்டு வருகிறவள் என் காலுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள், யாசுமுரா சுமியே என்று பேர், பதினேழு வருஷம் வரிசையில் ஈயம் வைத்தவள், எங்கள் வீட்டு ரேடியோவை நான் தட்டிச் சரிபண்ணினேன் என்று இத்தனை நாள் நம்பவைத்தவள் என்றது. முரசுக்காரனுக்குச் சிரிப்பில் ஒரு அடி தப்பியது. பிறகு பிடித்துக்கொண்டான்.

சுமியே கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டாள். “தெரிஞ்சே இருந்திருக்கு இந்த மனுஷனுக்கு,” என்றாள், யாரிடமோ.

“எனக்கும் தெரியும்,” என்றார் மூலையிலிருந்து கமேதானி. “தட்டினா எந்த ரேடியோ ஓடும்?”

கதை ஆரம்பித்தது. உள்வட்டம் கிளம்பியது. சுமியே வால்வைப் பார்த்தாள், கறுப்பு. துணிக்கு அடியில் பார்த்தாள். வெளிவட்டத்தில் ஒரு கேன்வாஸ் ஷூ குதிகாலைத் தூக்கியது. பக்கத்து ரப்பர் செருப்பு அதைப் பார்த்துத் தூக்கியது. பூட்ஸ் ஒன்று தப்பாய்த் திரும்பி, யாரையோ மிதித்து, சரியாய்த் திரும்பியது. வரி முடிகிற இடத்தில், சரியாக அந்த இடத்தில், அத்தனை கால்களும் ஒன்றாய் மண்ணைத் தட்டின.

அவள் எழுந்து ஏப்ரனை அவிழ்த்தாள்.

“எங்க போறே?” என்றார் கமேதானி.

“கடைசி வட்டத்துக்கு. அங்க நின்னு கேட்டாத்தான் ஆம்ப்ளிபயருக்கு மார்க் போடமுடியும். தகடு சிவந்தா கூப்பிடுங்க.”

“சிவக்காது,” என்றார் அவர், ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துகொண்டு. “சீட்டுல நான் போட்ட வட்டம் தப்பு. போ.”

அவள் துணியை விலக்கி வெளியே வந்தாள். ஊர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, பார்க்கட்டும். உள்வட்டத்தைக் குறுக்கே கடந்தாள், நடுவட்டத்தைக் கடந்தாள், பிளக் இன்னும் திரும்பி வராத ஐஸ் கடைப் பையன் கையால் துருவிக்கொண்டே முறைத்ததையும் கடந்தாள். கடைசியில், விளக்கு எட்டாத வேலியோரத்தில், பட்டறைப் பையன்களுக்கும் கினுயோவுக்கும் நடுவே போய் நின்றாள். கினுயோ அடைச் சட்டுவத்தோடு ஆடிக்கொண்டிருந்தாள்.

“கேக்குதாக்கா?”

 கரகரப்பும் அடியுமாக, இப்போதைய டோகுஜி முழுசாக அங்கே வரைக்கும் வந்திருந்தான். சுமியே வலது காலை எடுத்து வைத்தாள்.